ஓரகத்தியின் கோப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றிலிருந்து நிலச் சட்டம். புத்தகம் தலையணை கனம். தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதிலேயே தோள்பட்டை கழன்றுவிட்டது.

வகுப்பெடுப்பவர் ஒரு வக்கீலம்மா. சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறார். வீடு விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பத்திர வேலை பார்ப்பதுதான் தொழில். பலகையில் ஒரு வீட்டை வரைந்துவிட்டு, இதை விற்றவர் காலி செய்யும்போது எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டார். கட்டில் போகும், கதவு போகாது. அது எல்லோருக்கும் தெரியும். "ஜன்னல்ல தொங்குற திரை?" என்றார். எனக்குப் பதில் தெரியும். திரை விற்றவருடையது. திரை தொங்கும் கம்பி சுவரில் திருகியிருப்பதால் அது வீட்டோடு சேர்ந்தது. இத்தனை வருஷமாக மரச்சாமான் கடையில் பில் போடுகிறேன், எதைத் திருகுவார்கள் எதைத் திருகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? கையைப் பாதி தூக்கினேன். அதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள். கையே தூக்காமல் சொன்னாள். "ரொம்பச் சரி" என்றார் வக்கீலம்மா. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

சின்னவள் என் ஓரகத்தி. கொழுந்தன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்களும் மாமியாரும். வக்கீல் அலுவலக எழுத்தர் வேலைக்கான இந்த மாலை வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்தது நான். போய் விசாரித்தது நான். திரும்பி வரும்போது இருட்டிவிடுமே, துணைக்கு நீயும் சேரேன் என்று அவளைக் கூப்பிட்டதும் நானேதான். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செப்டம்பர் 11, வியாழன்

கடையை வருஷக் கடைசியோடு மூடப்போவதாக முதலாளி இன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் படிக்கவே வந்தேன். ஆனாலும் அதன் பிறகு போட்ட இரண்டு பில்லில் கூட்டல் தப்பு.

மாலை வகுப்பில் வக்கீலம்மா ஒரு விஷயம் சொன்னார். படிப்பு முடிவதற்குள் எல்லோரும் ஏதாவது வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். பெரும்பாலும் அவரவரே தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவரே தன் அலுவலகத்துக்கு வகுப்பிலிருந்து ஆள் எடுப்பாராம். பயிற்சி முடிந்ததும் ஒருவரை வேலைக்கே வைத்துக்கொள்வாராம். குனிந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இந்த வயதில் படியேறிப் படியேறி வேலை கேட்க என்னால் முடியாது. சின்னவளுக்கு என்ன? வீட்டில் பொழுது போகவில்லை என்று வருகிறாள். அவளே சொன்னாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமியாரிடம் சின்னவள் திரைக்கதையைச் சொல்லியிருக்கிறாள். காலையிலிருந்து வீட்டில் இதுதான் பேச்சு. "சின்னவளுக்குப் படிப்பு நல்லா வருது. உனக்கு ஏதாவது புரியலேன்னா அவகிட்ட கேட்டுக்கோயேன்" என்கிறார் என்னிடம்.

கேட்டுக்கறேன். நல்லாக் கேட்டுக்கறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று வழி உரிமை. என் நிலத்துக்குள் புகுந்துதான் உன் நிலத்துக்குப் போக முடியும் என்றால், போவதற்கு உனக்கு உரிமை உண்டு. நான் மறிக்க முடியாது. ஆனால் அது போகவும் வரவும் மட்டும்தான். நடுவில் நின்று கடை போட முடியாது.

எங்கள் மாடிப்படி எங்கள் கூடத்துக்குள்தான் இருக்கிறது. சின்னவள் போகிறாள், வருகிறாள், சரி. சட்டமே சொல்கிறது. ஆனால் நடுவில் நின்று டீ குடிக்கிறாளே, அதற்கு எந்தப் பிரிவு? அதுவும் நான் போட்ட டீ. இதைப் பாட உதாரணமாகக் கேட்கலாமா என்று யோசித்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வீட்டுப் பாடம் திரும்பி வந்தது. அவளுக்கு "மிக நன்று". எனக்கு "கையெழுத்து அழகு".

செப்டம்பர் 25, வியாழன்

இன்றைய பாடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவர் இடத்தில் ஒருவர் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒளித்து மறைத்து இல்லை, வெளிப்படையாக. அனுமதி கேட்காமல், விட்டு விட்டு இல்லாமல் வருஷக்கணக்காக. உரிமைக்காரர் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். கடைசியில் இடம் உட்கார்ந்தவருக்கே போய்விடலாமாம். அனுபோக உரிமை என்று பெயர்.

இது என்ன நியாயம் என்று ஒருவர் எழுந்து சண்டைக்கே போனார். சும்மா இருந்தவருக்குச் சட்டம் உதவாது என்றார் வக்கீலம்மா.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னுடையது. முதல் நாள் சின்னவள் தலை சுற்றுகிறது என்று அங்கே உட்கார்ந்தாள். பாவம் என்று விட்டேன். அன்றிலிருந்து அவளுக்குத் தலையும் சுற்றவில்லை, இடத்தையும் விடவில்லை. நான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, நிற்பவர்கள் பையெல்லாம் முகத்தில் இடிக்க வருகிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "தள்ளிக்கோ" என்று சொல்லியிருந்தால்? சொல்லவில்லையே. மாமியார் பக்கத்து நாற்காலியும் அப்படித்தான் போயிற்று.

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் ஞாயிற்றுக்கிழமைகூட ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, புத்தகத்தின் முன் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் மாடியில் அவள் சத்தம் போட்டுப் படிக்கிறாளா என்றுதான். எந்த அத்தியாயம் வரைக்கும் போயிருப்பாள்?

"நீ பாடத்தைப் படிக்கிறியா, அவளைப் படிக்கிறியா?" என்றார்.

சோப்பை எடுத்து நீட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

தேர்வு. நன்றாக எழுதினேன். கடைசிக் கேள்வி, பத்திரம் பதியும் நாளில் எழுத்தர் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுக. ஒன்றுவிடாமல் எழுதினேன் என்று நினைக்கிறேன். அவள் எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். ஒன்று, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. கடவுளே, இரண்டாவதாக இருக்கட்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

முதலாவது.

அவள்தான் வகுப்பில் முதல். நான் இரண்டாவது. எங்களுக்கு நடுவில் அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான். பத்திரத்தைச் சரி பார்ப்பது, கையெழுத்து, சாவி, பணம் எல்லாம் எழுதினேன். பதிவதற்குச் சற்று முன் தேடலை மறுபடி நடத்த வேண்டும் என்பதை எழுதவில்லை. அந்த நிலத்தின் மேல் யாருக்காவது பாத்தியம் இருக்கிறதா, அடமானம் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுவது முதல் வேலை. அதைத்தான் முன்பே செய்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

வக்கீலம்மா என் தாளைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். "ரெண்டு பக்கமும் பாத்துட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தா ரோட்டைக் கடப்பீங்க? கடக்கிற நேரத்துல பாக்கணும்." முதல் தேடலுக்கும் பதிவுக்கும் இடையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பதிந்துவிடலாம். அதனால் அன்றைக்குக் காலையிலேயே, பத்திரத்தை அனுப்புவதற்கு முன், மறுபடி பார்க்க வேண்டும். முந்தின நாள் பார்த்தது கணக்கில்லை.

சின்னவள் இதை எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். பஸ்ஸில் அவள் விடைத்தாளை எனக்குக் காட்டினாள். நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 22, புதன்

'பதியும் காலையில் மறுபடி தேடு' என்று பெரிய எழுத்தில் எழுதி அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். எதைத் தொலைத்தாய் என்று மாமியார் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 30, வியாழன்

ஒருவர் எழுதிய தேடல் அறிக்கையை இன்னொருவர் திருத்த வேண்டும் என்று போன வாரம் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. சீட்டுப் போட்டதில் சின்னவளுடையது எனக்கு வந்தது. வாழ்க்கையில் எனக்குப் பரிசுச் சீட்டு விழுந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

மூன்று மாலைகள் அதிலேயே போயின. முதல் தடவை படித்தேன், ஒரு குறையும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாம் தடவை பிடித்தேன். கணவன் மனைவி இருவர் பேரில் இருந்த வீட்டைக் கணவன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். மனைவி இறந்திருக்கலாம். ஆனால் இறந்ததற்குப் பதிவேட்டில் ஒரு குறிப்பும் இல்லை. சின்னவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். சிவப்பு மையில் மூன்று கோடு போட்டேன். மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்தது.

வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தடவை பார்த்தார். சின்னவள், "தேங்க்ஸ்க்கா, நான் கவனிக்கவே இல்லை" என்றாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அப்புறம் எதற்கு நான் மூன்று மாலை உட்கார்ந்தேன்?

நவம்பர் 6, வியாழன்

எடுத்துவிட்டார். என்னையும், அவளையும். வருஷம் முடியும் வரை பயிற்சி, அதன் பிறகு ஒருவர்தான்.

மாமியார், "ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ட்டு வரலாம்" என்று மகிழ்ந்துபோனார். ஆமாம், அவளுக்கு ஜன்னலோரம்.

நவம்பர் 10, திங்கள்

முதல் நாள். மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முன்னறையில் எதிரெதிரே இரண்டு மேசை, இரண்டு கணினி, நடுவில் கோப்பு வைக்கும் ஒரு தாழ்வான அலமாரி. உள்ளே வக்கீலம்மாவின் அறை. பின்னால் டீ போட ஒரு மூலை. பதிவெல்லாம் கணினி வழியாகத்தான். பதிவு முடிந்த செய்தி வந்ததும் வக்கீலம்மா பணத்தை விடுவிப்பார், விற்பவர் தரப்பு சாவியைக் கொடுக்கும்.

கடை முதலாளியிடம் பாதி நாள் வந்தால் போதுமா என்று கேட்டேன். மூடப்போகிற கடைக்கு முழு நாள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார்.

நவம்பர் 19, புதன்

வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் போகிறார்கள். நுழைந்ததும் இரண்டு மேசை தெரிகிறது அல்லவா? யோசிக்கக்கூட இல்லை, கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. அவள் சிரிக்கிறாள், உட்காரச் சொல்கிறாள், பிள்ளை எந்த வகுப்பு என்கிறாள். எனக்கும் சிரிக்க வரும். சிரித்தேன். வந்த அம்மாள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நவம்பர் 27, வியாழன்

இதை எங்காவது எழுதித்தானே ஆகவேண்டும். தினமும் காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் பின்னால் போகும்போது அவளுடைய கோப்பைத் திறந்து பார்க்கிறேன். முழுதாக, வரிக்கு வரி. எங்காவது ஒரு எழுத்து, ஒரு எண் தவறியிருக்காதா என்று. இன்றுவரை இல்லை. ஒவ்வொரு நாளும் முகம் கடுத்துப்போய் என் இடத்தில் வந்து உட்காருகிறேன்.

நல்ல வேளை, அவள் கோப்பைப் பூட்டி வைப்பதில்லை. அலமாரியில் என் பக்கமாகத்தான் கிடக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

அவளுடைய வாடிக்கையாளர் ஒரு நர்ஸ். இந்த வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பதிவு. இன்று போன் செய்தபோது சின்னவள் சாப்பிடப் போயிருந்ததால் நான் எடுத்தேன். அடுக்களையில் சுவரோடு ஒரு அலமாரி இருக்கிறது, அது வீட்டோடு வருமா, இல்லை விற்பவர் கழற்றிக்கொண்டு போய்விடுவாரா என்று கேட்டாள். அலமாரி திருகியிருக்கிறதா, சும்மா நிற்கிறதா என்று கேட்டேன். வீடு பார்க்கப் போனபோது ஆட்டிப் பார்த்தாளாம். அசையவில்லையாம். "அப்ப அது உங்களோடதுதான்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பாத்திரங்களை அதில் எப்படி அடுக்குவது என்று இப்போதே படம் போட்டு வைத்திருக்கிறாளாம்.

இந்த அலுவலகத்தில் என்னிடம் கேட்டு ஒருவர் நிம்மதியாகப் போனது இதுதான் முதல் தடவை. சின்னவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நர்ஸின் பதிவு. சாமானெல்லாம் லாரியில் ஏற்றியாயிற்று, செய்திக்காகத் தெருவில் நிற்கிறோம் என்று நர்ஸின் கணவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சின்னவள் பாட்டிலோடு பின்னால் போனாள். நான் வழக்கம்போலக் கோப்பைத் திறந்தேன். பத்திரம் சரி. பெயர்கள் சரி. எல்லைகள் சரி. மறுதேடல் தாளும் இருந்தது. அதன் மூலையில் தேதியைப் பார்த்தேன். நேற்றைய தேதி. நேற்று மாலையே எடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் கணினி மெதுவாக வேலை செய்யும் என்பதற்காக இருக்கும்.

எந்தக் கேள்வியில் என்னைத் தோற்கடித்தாளோ, அதே கேள்வி!

கோப்பை மூடி வைத்துவிட்டு என் கணினியில் அந்த நிலத்தைத் தேடினேன். எதற்குத் தேடினேன்? நர்ஸுக்காகவா? இல்லை. ஏதாவது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் தேடினேன். இருந்தது. இன்று காலை அலுவலகம் திறந்ததுமே பதிந்திருக்கிறார்கள். விற்பவரின் தங்கை. இந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு, என் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது என்று ஆட்சேபணை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், இது என் நோட்டு. உடம்பெல்லாம் இனித்தது. எழுந்து போய் டீ போட்டேன். எதிரே வந்த சின்னவளைப் பார்த்துச் சிரித்து அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். அவள் அனுப்புவாள், பதிவாகும், பணம் போகும், தங்கை கோர்ட்டுக்குப் போவாள், வக்கீலம்மா கோப்பைக் கையில் எடுப்பார். அன்றோடு சின்னவள் கதை முடிந்தது. இந்த மேசை எனக்கு.

அவள் உட்கார்ந்து பத்திரத்தைத் திரையில் கொண்டுவந்தாள். அனுப்புவதற்கு முன்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். 'என் சாமர்த்தியத்தைப் பார்' என்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்கு நர்ஸின் அலமாரி ஞாபகம் வந்தது. ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று சந்தோஷப்பட்டாளே. அது உங்களோடதுதான் என்று சொன்னது நான். சின்னவள் இல்லை, நான்.

"பதியாதே. நிறுத்து" என்று கத்தினேன்.

இரண்டு காரணத்துக்காகக் கத்தினேன். ஒன்று அவள் நிறுத்த வேண்டும். இன்னொன்று, உள்ளறையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். மெதுவாகச் சொன்னாலும் சின்னவளுக்குக் கேட்டிருக்கும், எதிர் மேசைதானே.

வக்கீலம்மா வெளியே வந்தார். என் திரையைப் பார்த்தார், அவள் கோப்பிலிருந்த தாளைப் பார்த்தார். பணத்தை நிறுத்திவைத்தார். விற்பவரின் வக்கீலை அழைத்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து, "இது உங்க கோப்பு இல்லையே. நீங்க ஏன் தேடினீங்க?" என்றார்.

என்னத்தைச் சொல்றது? தப்புக் கிடைக்குமான்னு தினமும் அவ கோப்பைக் குடையறேன்னு சொல்றதா?

"நான்தான் மேடம், அக்காவை ஒரு தடவை பாக்கச் சொன்னேன்" என்றாள் சின்னவள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நான் இல்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினேன். என் முழு வெற்றியில் பாதியை என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டாள், நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நர்ஸுக்குப் போன் செய்தது நான். அழுதாள். சாமானை லாரியிலிருந்து அவள் அக்கா வீட்டில் இறக்குகிறார்களாம்.

டிசம்பர் 6, சனி

இவரிடம் சொன்னேன். கைகழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அவ உன்னைக் காப்பாத்துனாளா, தன்னைக் காப்பாத்திக்கிட்டாளா?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை. இராத்திரி முழுக்க அதையேதான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கேட்டேவிட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்து கூடத்தில் நின்றாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, வக்கீலம்மாவிடம் ஏன் பொய் சொன்னாய் என்றேன்.

"பொய் இல்லையேக்கா. வாயால சொல்லல, அவ்வளவுதான். நீங்க பாப்பீங்கன்னுதானே தினமும் கோப்பை உங்க பக்கமா வெச்சுட்டு, தண்ணி பிடிக்கப் போறேன்?"

அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். வகுப்பில் அந்தச் சிவப்புக் கோடு போட்டேனே, அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம், இனி எது எழுதினாலும் அக்கா கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று. இவளுக்கு அவசர புத்தியாம். ஒரு தடவை எழுதியதை மறுபடி பார்க்கப் பொறுமை கிடையாதாம். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தானாம்.

"நீங்க முகத்தைத் தூக்கி வெச்சிருந்தா கோப்பு சரியா இருக்குன்னு அர்த்தம். தைரியமா அனுப்பிடுவேன். அன்னிக்கு சிரிச்சுக்கிட்டே டீ குடுத்தீங்க பாருங்க, எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. இதுல என்னமோ இருக்குன்னு உங்க முகத்தைப் பாக்கத்தான் திரும்புனேன். அதுக்குள்ள கத்திட்டீங்க."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். கழுவி வைத்தது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 8, திங்கள்

ஆத்திரம் தீரவில்லை. என் பொறாமையை இவள் வேலைக்கு வைத்திருந்திருக்கிறாள்! சம்பளம் இல்லாமல். என் வயிற்றெரிச்சலில் இவள் குளிர் காய்ந்திருக்கிறாள். வெளிப்படையாக, அனுமதி கேட்காமல், ஒரு நாள் விடாமல். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாடத்தில் படித்த அத்தனையும் பொருந்துகிறது.

இன்று காலை அவள் கோப்பைத் தொடக் கூடாது என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் பிடிக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வேண்டுமென்றேதான். கடைசியில் எடுத்துப் பார்த்தேன். ஒரு வீட்டு எண் மாறியிருந்தது. பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். தாள் கிழியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

வக்கீலம்மா முதலில் சின்னவளை உள்ளே கூப்பிட்டார். கதவு மூடியிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி, முடிந்தது என்று என் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். பேனாக்களைப் பையில் போட்டேன். மூடும் கடையில் கடைசி வாரம் விளக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"யாரையும் நம்பாத ஆள்தான் எனக்கு வேணும். உங்க தங்கச்சிக்கு எல்லாரையும் பிடிக்குது. தேடுற வேலைக்கு அது ஒத்துவராது. ஜனவரியிலேர்ந்து நீங்க வாங்க."

"தங்கச்சி இல்ல மேடம், ஓரகத்தி" என்றேன்.

"பாத்தீங்களா, இதையும் திருத்துறீங்க" என்றார்.

அவள் என்னைப் பார்க்கச் சொன்னதாகச் சொன்னது பொய் என்று அவருக்கு அன்றே தெரியுமாம். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்தேன். சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. இவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "பொழுது போகலேன்னு சொன்னேன்ல, அது சும்மாக்கா" என்றாள். "எனக்கும் இந்த வேலை வேணும்னுதான் இருந்துச்சு."

இத்தனை நாள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளாகவே எனக்கு விட்டாள். வீடு வரும்வரை வெளியே என்ன போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டிசம்பர் 31, புதன்

கடைக் கதவைக் கடைசியாக இழுத்து மூடினோம். பில் போடும் நாற்காலியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் முதலாளி. திருகாத சாமான்தான், ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

சின்னவளுக்கு வேறொரு பெரிய வக்கீல் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. வக்கீலம்மாதான் சொல்லிவைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் பேசி, உட்காரவைத்து, கோப்புத் திறக்கும் வேலை. கண்ணாடிக் கட்டடம். ஒன்பதாவது மாடி. லிஃப்ட்டாம், அதற்குள் கண்ணாடியாம், ஜன்னலில் நின்றால் ஊரே தெரிகிறதாம். மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழட்டும் என்றே சொன்னாளா, இயல்பாகச் சொன்னாளா?

நான் தினமும் மருந்துக் கடை வாசனையில் இரண்டு மாடி ஏறுகிறேன். தோற்றவளுக்கு லிஃப்ட், ஜெயித்தவளுக்குப் படிக்கட்டு.

ஜனவரி 16, வெள்ளி

நர்ஸின் வீடு பதிவாகிவிட்டது. அண்ணனும் தங்கையும் பேசித் தீர்த்துக்கொண்டார்களாம், ஆட்சேபணை நீங்கியது. அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தடவை தேடினேன். மாலையில் நர்ஸ் போன் செய்தாள். பாத்திரங்கள் எல்லாம் அலமாரியில் ஏறிவிட்டனவாம். ஒரு தட்டு மட்டும் லேசாக ஆடுகிறதாம், அதுவும் அவளுடையதுதானா என்று கேட்டாள். அதுவும் உங்களுடையதுதான் என்றேன்.

ஜனவரி 28, புதன்

அவளுக்குப் புதுச் செருப்பு. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்களாம். நல்ல செருப்பு. நல்லாவே இல்லேன்னு சொல்லணும்னு நினைச்சேன். வாய் வரவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மாலை பஸ்ஸில் நான் முதலில் ஏறுகிறேன். அவள் கட்டடம் மூன்று நிறுத்தம் தள்ளி. இன்று ஜன்னலோரம் கிடைத்தது. கூட்டம் ஏற ஆரம்பித்தது. பக்கத்து இடத்தில் என் பையை வைத்தேன். அலுப்போடு நின்ற ஒருவர், "ஆள் வராங்களா?" என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவரும் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன்.

அவள் ஏறினாள். நான் முதலில் பார்த்தது செருப்பைத்தான், பிறகுதான் முகத்தை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும், நாளைக்கு முதல்முறையாகத் தானே ஒரு தேடல் அறிக்கை கொடுக்க வேண்டும், பெயர்களையெல்லாம் மறைத்து எழுதியிருக்கிறேன், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று தாள்களை நீட்டினாள். பேனா எடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததும், "எங்க, எங்கக்கா?" என்று குனிந்தாள்.

காட்டினேன். அடித்துத் திருத்திக்கொண்டாள். பிறகு தலையை லேசாகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்த ஓரத்துல தலை சுத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

"சுத்தட்டும். இறங்குற இடம் வந்தாச்சு" என்றேன். ஜன்னலோரத்தை மட்டும் விடவில்லை.